அடியில் ஒட்டிய முகவரி

சிவப்பு.
ஊக்கின் முனையைச் சின்னத் துவாரத்தில் அழுத்தி
பத்து வரை எண்ணினேன்.
எல்லா லைட்டும் செத்து
ஒவ்வொன்றாய் உயிர்த்து
கடைசி ஒன்று மட்டும்
மறுபடி சிவப்பு.

ஹட்டன் டவுன். இரும்புக் கடைக்கு மேலே மூன்றாம் மாடி.
வந்து நாலு நாள். சட்டிபானை இன்னும் பெட்டிக்குள்.
சுவரிலிருந்து ஒரு நீல வயர் தலை நீட்டுகிறது;
"நெட் வாடகையோட சேர்த்தி" என்றார் முதலாளி.
விடியக் காலை மூன்றரைக்கு
மெல்பேர்னில் ஒரு பல் டாக்டர் கதவைத் திறப்பார்.
அவர் கணக்குப் புத்தகம் என் மடியில் இருக்க வேண்டும்.

வயரைக் கழற்றி மாட்டினேன். துளை மாற்றி மாட்டினேன்.
எதிர்வீட்டு ஃபர்ஸானாவிடம் வேறு வயர் வாங்கினேன்.
கூடவே வந்த அவள் மகன், பதினொரு வயசு,
குனிந்து பார்த்து "மழை, அன்டி" என்றான்.
இங்கே எது பழுதானாலும்
முதல் சந்தேகம் மழை மேல்தான்.

ஹொட்லைன்.
சிங்களத்துக்கு ஒன்று, தமிழுக்கு இரண்டு.
இரண்டை அமத்தினேன்.
இருபது நிமிஷம் பாட்டு.
"கியன்ன மிஸ்" என்றது ஒரு குரல்.
பெயர் திலங்க. தமிழ் கொஞ்சம் கொஞ்சம் என்றான்.
என் சிங்களமும் பஸ்ஸில் மிச்சக் காசு கேட்கும் அளவுக்குத்தான்.
இரண்டு கொஞ்சத்தையும் சேர்த்து
வேலைக்கு ஆகும் ஒன்றைச் செய்துகொண்டோம்.

"ரவுட்டரைக் கவிழ்த்துப் போடுங்க மிஸ்.
அடியில அட்ரஸ் இருக்கும்."

இருந்தது. எறும்பு எழுத்தில் பன்னிரண்டு.

நான் பிறந்த லயத்துக்கு இலக்கம் இல்லை.
தோட்டத்தின் பெயர், மேல்கணக்கு, அவ்வளவுதான்;
அறுபது குடும்பத்துக் கடிதமும் ஆபிசில் இறங்கும்.
என் கெம்பஸ் கடிதம் அங்கே
பதினேழு நாள் ஒரு பேரேட்டுக்கு அடியில் கிடந்தது.
இந்த டப்பாவோ
பெட்டிக்குள் வரும்போதே
உலகத்தில் வேறெதற்கும் இல்லாத ஒன்றை
வயிற்றில் ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது.

"ஏ" என்றேன். கேட்கவில்லையாம்.
"அப்புத்தளை ஏ."
"ஹப்புத்தளே எச் தானே மிஸ்? இதில எச் வராது."
எங்கள் அப்புத்தளை அகரத்தில் தொடங்குவதை
நடுராத்திரியில் எப்படி விளக்க?
விட்டுவிட்டு "அம்பேவெல" என்றேன்.
பதுளை பி. டிக்கோயா டி. எல்ல ஈ.
எஃப்புக்கு மலை முழுக்க ஏறி இறங்கினேன்.
போடைஸ் இருக்கிறது. துரைமார் எழுதியது எஃப்,
எங்கள் வாயில் அது என்றைக்கும் ப.
"ஃபேன்" என்றேன் கடைசியில்.
"ஹட்டன்ல ஃபேனா மிஸ்?"
போர்வைக்குள் இருந்து சிரித்தேன். அவனும்.

பிறகு கீபோர்ட் சத்தம். பிறகு மௌனம்.
"மிஸ், உங்க லைன்ல இருக்கிறது இது இல்ல.
செல்வின்னு ஒருத்தரோட ரவுட்டர்.
மாத்த மூணு வேலை நாள். நடுவுல போயா."
குரலைத் தாழ்த்தினான்:
"அவர் நம்பரை உங்க ரவுட்டருக்குப் போட்டா
இன்னைக்கே வரும். ஆனா அதை நான் சொல்ல ஏலாது."

செல்வின் தோஹாவில் என்றாள் ஃபர்ஸானா.
அவர் விட்டுப்போனது
அலுமாரி மேல் ஒரு வெற்று அட்டைப்பெட்டி.
நேற்றுத்தான் அதில் உடுப்புக் கிளிப் போட்டு வைத்தேன்.

கிளிப்புகளைக் கட்டிலில் கொட்டினேன்.
அட்டையின் ஓரத்தில், பாதி கிழிந்து,
பன்னிரண்டு எழுத்து.
ஒன்று எட்டா, பியா?
எட்டு. சிவப்பு.
பி.

பச்சை.
செல்வின் வீடு திரும்பிவிட்டார் என்று
வயர் நம்பிவிட்டது.
மூன்று இருபது. கேத்திலை வைத்தேன்.
மெல்பேர்னில் யாருக்கோ பல் பிடுங்கிய காசு
கட்டம் கட்டமாய் இறங்கத் தொடங்கியது.

புறங்கையில் எழுதிய முறைப்பாட்டு இலக்கத்தை மட்டும்
நான் கழுவவில்லை.
மூன்று வேலை நாள், நடுவில் போயா.